திருவூடல் தெருவில் ஒரு மாட்டுப் பொங்கல்

தை முதல் நாள் திருவண்ணாமலை வீடுகளில் நடப்பது தமிழ்நாடு முழுக்க நடப்பதுதான். வாசலில் சூரியனும் சந்திரனும் வரைந்த கோலம், கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானை, பால் பொங்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சல், சுவரோரம் சாத்திவைத்த கரும்பு. கோயிலில் பத்து நாளாக நடந்துவரும் உத்தராயண புண்ணியகாலப் பிரம்மோற்சவமும் அன்றைக்குத் தாமரைக் குளத் தீர்த்தவாரியோடு முடிகிறது. எல்லாம் நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் விடியும்போதுதான் இந்த ஊர் தன் சொந்தப் பொங்கலைத் தொடங்குகிறது. வேறெங்கும் மாட்டுக்கு உரிய அந்த இரண்டாம் நாள், இங்கே மாட்டோடு ஆரம்பித்து, சூரியனைத் தொட்டு, ஒரு கணவன் மனைவி சண்டையில் போய் முடியும். அந்தச் சண்டைக்கென்று ஒரு தெருவே இருக்கிறது. திருவூடல் தெரு என்றுதான் அஞ்சல் முகவரியிலும் எழுதுகிறார்கள்.

முதலில் மாடு. ராஜகோபுரத்தைத் தாண்டி ஐந்தாம் பிராகாரத்துக்குள் நுழைந்தால், வல்லாள கோபுரத்துக்கு முன்னால் பெரிய நந்தி படுத்திருக்கிறது. மற்ற நாட்களில் எண்ணெய் ஊறிக் கறுத்து மின்னும் கல் முதுகு அன்றைக்குக் கண்ணில் படாது. காய்கறி மாலை, பழ மாலை, வடை மாலை, முறுக்கு, அதிரசம், இனிப்பு வகைகள் என்று கொம்பிலிருந்து முழங்கால் வரை சாத்தியிருப்பார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் நிறங்களின் குவியல்தான் தெரியும். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வடைக்கும் முறுக்குக்கும் நடுவில் ஓட்டை இருப்பதால் கோப்பது சுலபம். காய்க்கு அப்படி இல்லை. கத்தரிக்காயைக் காம்போடு பறித்திருந்தால்தான் நாரில் முடிச்சு நிற்கும். காம்பு உதிர்ந்த காய் மாலைக்கு ஆகாது. வெண்டை மெலிந்தது, பூசணி கனத்தது. கனமானவற்றைக் கழுத்தோரம் தாங்கலாக வைத்து, லேசானவற்றைத் தொங்கவிட்டால்தான் மாலை நேராக விழும். மாலை கட்டுகிறவருக்கு அந்த வட்டாரத்தின் காய்கறிச் சந்தை முழுவதும் விரலில் தெரிந்திருக்க வேண்டும். உழவன் வீட்டு மாட்டின் கழுத்தில் கரும்புத் துண்டும் வடையும் கட்டுகிற அதே கையின் வேலைதான் இது. அளவு மட்டும் பெரிது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அலங்காரத்தைவிட அதற்கு அடுத்து வருவது. நந்தி ஆண்டு முழுக்கக் கருவறையைப் பார்த்தபடி படுத்திருக்கிறது. ஆனால் இந்தப் பெரிய நந்திக்கும் மூலவருக்கும் இடையில் கோபுரங்களும் பிராகாரங்களும் மண்டபங்களும் இருக்கின்றன. அது பார்த்துக்கொண்டிருப்பது வாசல்களைத்தான். மாட்டுப் பொங்கலன்று சுவாமி அண்ணாமலையாரும் அம்பாள் உண்ணாமுலையம்மனும் அலங்காரத்தோடு புறப்பட்டு வெளியே வந்து, அந்த நந்திக்கு எதிரே நின்று காட்சி கொடுக்கிறார்கள். தீபாராதனை நடக்கிறது. மாட்டுக்கு மரியாதை செய்வது ஊர் வழக்கம் என்றால், மாடு நின்ற இடத்துக்கு எசமானே வந்து நிற்பது அந்த வழக்கத்தின் உச்சம். வாலைப் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் உள்ள நாட்டில்தான் இப்படி ஒரு சடங்கு தோன்ற முடியும்.

அடுத்தது சூரியன். சுவாமியும் அம்பாளும் ராஜகோபுரத்தின் பக்கத்தில் உள்ள திட்டிவாசல் வழியாக வெளியே வருகிறார்கள். கிழக்கு பார்த்த வாசல். தை மாதத்துச் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை, தெற்கே சாய்ந்துதான் எழும். ஆகவே வாசலில் நிற்கிறவர்களுக்கு வெயில் வலது கன்னத்தில் விழும். பனி இன்னும் விலகியிருக்காது. மாலையில் இருக்கும் ரோஜா இதழின் ஓரத்தில் ஈரம் தெரியும். திருவாசியின் விளிம்பில் முதல் வெளிச்சம் பட்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும். சூரியனுக்குக் காட்சி கொடுத்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முந்தின நாள் இதே வீதியில் உள்ள வீடுகளில் சூரியனுக்குப் பொங்கல் படைத்தார்கள். அவன் தெய்வம், நாம் படைக்கிறவர்கள். மறுநாள் காலையில் அவனே காத்து நிற்கிற பக்தன். தலபுராணக் கதைப்படி சூரியன் ஒருமுறை அண்ணாமலையின் உச்சிக்கு மேலாகக் கடந்துபோகப் பார்த்தான். மலை நெருப்பு மலை. அவன் ஒளி மங்கிப் போனான். பிறகு பிரம்மன் சொல்கேட்டு மலையை வலம் வந்து வணங்கித் தன் ஒளியை மீட்டான். அன்றிலிருந்து உச்சியைத் தாண்டாமல் சுற்றியே போகிறான் என்பது கதை. கிரிவலப் பாதையில் எட்டுத் திசை லிங்கங்களோடு சூரிய லிங்கமும் இருப்பது இந்த உறவின் அடையாளம். ஊர்க்காரர்களுக்கு இரண்டு நாளும் முரணாகத் தோன்றுவதில்லை. பயிர் விளைய வெயில் கொடுத்தவனுக்கு முதல் நாள் நன்றி. அவனுக்கும் ஒரு பெரியவர் உண்டு என்று மறுநாள் காட்டுவது. இரண்டையும் மனத்தில் தாராளமாக வைத்துக்கொள்கிறார்கள்.

அதன்பின் மாட வீதிகளில் மூன்று சுற்று. அதைச் சொல்லிக் கடந்துவிடலாம். சாயங்காலம்தான் முக்கியம்.

சண்டைக்குக் காரணம் பிருங்கி முனிவர். சிவனை மட்டும் வணங்குவேன், பக்கத்தில் இருக்கும் அம்பாளை வணங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். இருவரும் ஓருடலாக நின்றபோதுகூட வண்டாக மாறி நடுவில் துளைத்துக்கொண்டு சிவனை மட்டும் வலம் வந்தாராம். அம்பாள் தன் பங்கான சக்தியை அவர் உடம்பிலிருந்து எடுத்துவிட, நிற்க முடியாமல் துவண்டவருக்குச் சிவன் மூன்றாவது கால் கொடுத்தார். கோயில்களில் மூன்று காலோடு எலும்பும் தோலுமாக ஆடும் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள், அவர்தான். நந்திக்கும் சூரியனுக்கும் காட்சி கொடுத்த சுவாமி, இந்தப் பிருங்கிக்கும் காட்சி கொடுக்கப் போக வேண்டும் என்கிறார். என்னை மதிக்காதவனுக்கா, போகக் கூடாது என்கிறாள் அம்பாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. காத்துக்கிடக்கும் அடியவனைக் கைவிட முடியாது என்பதும் நியாயம்தான். யாரும் தப்புச் செய்யாத சண்டை என்பதால்தான் அது அத்தனை சீக்கிரம் தீரமாட்டேன் என்கிறது.

மாலையில் திருவூடல் தெருவில் இரண்டு உற்சவர்களும் எதிரெதிராக வருகிறார்கள். இந்தக் காட்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவாமியின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பதில் எதிரே நடப்பது தவறிப்போகும். தண்டு தாங்கும் தோள்களைப் பாருங்கள், தரையில் அவர்கள் கால்களைப் பாருங்கள். நாடகம் அங்கேதான் இருக்கிறது. சுவாமி முன்னே வரும்போது தாங்கிகள் சின்னச் சின்ன அடியாக வைக்கிறார்கள். சமாதானம் பேச வருகிறவனின் தயக்கம் அந்த அடியில் இருக்கும். அம்பாள் பக்கம் பின்வாங்கும்போது திரும்பி நடப்பதில்லை. முகம் அவரைப் பார்த்தபடியே பின்னால் போகிறாள். கோபம்தான், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அவள் முன்னேறுவாள், அவர் பின்வாங்குவார். நாதஸ்வரமும் தவிலும் அந்த அடிக்குத் தக்கபடி விரைவதும் தணிவதுமாக இருக்கும். தண்டு தோளில் அழுந்தும்போது முன்வரிசைக்காரர் முழங்காலை லேசாக மடக்குவார், பின்வரிசை அதை உணர்ந்து சமன் செய்யும். அந்த அரைச் சாண் இறக்கத்தில் உற்சவரின் தலை குனிந்து நிமிர்ந்த மாதிரி ஆகும். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அதற்குத்தான் சிரிப்பார்கள். கணவன் பணிந்துவிட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு தூதர் போய் வருகிறார். சுந்தரமூர்த்தி நாயனார். இந்தத் தேர்வில் இருக்கும் அழகை நினைத்து நினைத்து மகிழலாம். சுந்தரர் சங்கிலியாரை மணந்துவிட்டுத் திருவாரூருக்குத் திரும்பியபோது முதல் மனைவி பரவையார் கதவடைத்தார். அன்று நள்ளிரவில் சுந்தரருக்காகத் தெருவில் நடந்து தூது போனவர் சிவபெருமான். முதல் முறை அர்ச்சகர் வேடத்தில் போனார், பரவையார் இசையவில்லை. இரண்டாம் முறை தம் சொந்த வடிவத்தோடு போனார், இசைந்தார். பெரியபுராணம் விரித்துச் சொல்லும் கதை இது. அன்று தூதால் பயன்பெற்ற தோழன்தான் அண்ணாமலையில் கடனைத் திருப்பிக் கொடுக்கிறான். இத்தனைக்கும் அண்ணாமலைக்கென்று சம்பந்தர் பதிகமும் அப்பர் பதிகமும் இருக்கின்றன; சுந்தரர் பாடிய தனிப் பதிகம் இன்று நம் கையில் இல்லை. பாட்டில் கிடைக்காத இடத்தை அவருக்கு இந்த ஊர் தெருவில் கொடுத்திருக்கிறது. ஊடலில் அனுபவப்பட்ட ஒருவரைத் தூதராக வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் பெரிய ரசிகர்.

தூது பலிப்பதில்லை. அம்பாள் தனியே கோயிலுக்குத் திரும்புகிறாள், கதவு சாத்தப்படுகிறது. பின்னால் வந்த சுவாமிக்கு வாசல் திறக்கவில்லை. அவர் குமரக் கோயிலுக்குப் போய் இரவு தங்குகிறார். வீட்டில் இடமில்லாத தகப்பன் பிள்ளை வீட்டுத் திண்ணைக்குப் போகிற காட்சி இது. தெருவில் நிற்கும் நடுத்தர வயதுக்காரர்கள் இந்தக் கட்டத்தில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊடல் ஏன் அறுவடைக் காலத்தில் வைக்கப்பட்டது? சங்கக் கவிதை மரபு தெரிந்தவர்களுக்கு மின்னல் வெட்டியதுபோல விடை தோன்றும். ஐந்திணையில் நெல் வயலுக்கு உரியது மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். விளைச்சல் வீடு வந்து சேரும் நிலத்தில்தான், வயிறு நிறைந்த பொழுதில்தான், கணவனை வாசலில் நிறுத்திவைக்கும் உரிமை மனைவிக்கு வருகிறது. தூது வருகிறவர்களுக்கு அகப்பொருள் இலக்கணம் வாயில் என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்த வாயிலைத் தலைவி மறுப்பதும் ஒரு துறை. சங்கப் பாட்டில் பாணன் செய்த வேலையைத்தான் சுந்தரர் இந்தத் தெருவில் செய்கிறார். திருக்குறளும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்ற மூன்று அதிகாரங்களோடுதான் நிறைகிறது. 1330 குறளுக்கும் கடைசி அதிகாரம் ஊடலுவகை. வேண்டுமென்று யோசித்து யாரும் தை இரண்டாம் நாளை மருதத் திணையோடு பொருத்தினார்கள் என்று நான் வாதாட வரவில்லை. நெல்லும் ஊடலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தமிழ் மனத்துக்கு அத்தனை இயல்பு என்பதே போதும். இதில் இன்னொரு இழையும் உண்டு. மனைவி கதவடைத்ததும் மலைமேல் நெருப்பாக நிற்பவர் தேடிப் போகும் இடம் குறிஞ்சித் தெய்வமான முருகனின் கோயில். வயல்காட்டுச் சண்டைக்கு மலைநிலத்தில் அடைக்கலம்.

கார்த்திகையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மகாதீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றும் நேரத்தை ஒட்டி, ஆண்டுக்கு ஒரே ஒருமுறை அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிடம் காட்சி தருகிறார். தவம் இருந்து சிவனின் இடப்பாகத்தை அம்பாள் பெற்றது இந்தத் தலத்தில் என்பது நம்பிக்கை. இரண்டு உடம்பு ஒன்றான அந்த நாளிலிருந்து இரண்டு மாதம்கூட ஆவதில்லை, தையில் இப்படிக் கதவடைப்பு. தீபத்துக்குப் பிறகு அண்ணாமலையார் மலையை வலம் வரும்போது உண்ணாமுலையம்மனும் உடன் போகிறாள். ஆண்டில் அவர் கிரிவலம் வருவது இரண்டே முறை. மற்றொன்று இந்த ஊடலுக்கு மறுநாள், காணும் பொங்கலன்று. அப்போது தனியாகப் போகிறார்.

கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரும் காணும் பொங்கலாகவே இருக்கும். மற்ற ஊர்களில் அன்றைக்கு உறவினர் வீட்டுக்குப் போவார்கள். இந்த மாவட்டத்தில் சாத்தனூர் அணைக்கும் கட்டுச்சோற்றோடு கிளம்பிவிடுவார்கள். கிரிவலப் பாதையில் குடியிருப்பவர்களுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, பார்க்க வேண்டியவர் வாசலுக்கே வருகிறார். தெளித்துக் கோலம் போட்டு, தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு நிற்பார்கள். பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானவர்கள் சுற்றுகிற அதே பாதை அன்று பகலில் நிதானமாக இருக்கும். பௌர்ணமியில் மக்கள் நடக்கிறார்கள், மலை நிற்கிறது. அன்றைக்கு மக்கள் நிற்கிறார்கள், மலையின் நாயகர் நடக்கிறார். வழியில் பிருங்கிக்குக் காட்சி கொடுத்து முடிகிறது. சண்டைக்கு மூலமான வேலை அது. அதை விட்டுக்கொடுக்காமல்தான் வீடு திரும்புகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் கோயிலில் மறுவூடல். மறுபடியும் ஒரு பிணக்கு, மறுபடியும் ஒரு சமாதானம். திருவாரூரில் முதல் தூது தோற்று இரண்டாம் தூது வென்றதுபோல இங்கேயும் முதல் மாலை மூடிய கதவு அடுத்த முறைதான் திறக்கிறது. சேர்ந்து நிற்கும் இருவருக்கும் தீபாராதனை காட்டும்போது தம்பதிகளாக வந்தவர்கள் முன்னால் நெருங்குவார்கள். திருவூடலும் மறுவூடலும் பார்த்தால் வீட்டுப் பிணக்கு தீரும், பிரிந்தவர் சேருவர் என்பது ஊர் நம்பிக்கை. பேசாமல் பஸ் ஏறி வந்து, பேசாமல் நின்று கும்பிட்டு, வெளியே வந்து பூக்கடையில் எத்தனை முழம் என்று கேட்பதில் பேச்சைத் தொடங்குகிற இணைகளை அங்கே பார்க்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தில் நடக்கும் பிரணய கலகமும் இதே குடும்பம்தான். அங்கே தாயார் கதவடைப்பார், பெருமாள்மேல் பூவும் வாழை மட்டையும் விழும், நம்மாழ்வார் சமாதானம் செய்வார். அங்கே வாதமும் எதிர்வாதமும் வாசகமாகவே படிக்கப்படும். சொல்லின் சுவை மிகுதி. அண்ணாமலையில் சொல்லைவிட நடைக்குத்தான் அதிகாரம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தெருவைத்தான் தேர்ந்தெடுப்பேன், மாடிப்படியிலும் கடைவாசலிலும் நிற்கிறவர்கள் எல்லாம் அந்த வீட்டுச் சண்டைக்குச் சாட்சியாக இருப்பதால்.

தை இதோடு அண்ணாமலையாரை விடுவதில்லை. ஐந்தாம் நாள் மணலூர்ப்பேட்டை தென்பெண்ணையில் தீர்த்தவாரி. ஆற்றுத் திருவிழா என்று சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் புரியும்; சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகள் எல்லாம் மணலில் வந்து இறங்க, மக்கள் கடைகளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். தைப்பூசத்தன்று ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடியும் நேரத்தில், தம்மை மகனாகக் கருதிய வல்லாள மகாராஜா போரில் இறந்த செய்தி சுவாமிக்கு வருகிறது. மேளதாளத்தை நிறுத்திக்கொண்டு கோயிலுக்குத் திரும்புகிறார். மாசியில் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் மகன் முறையில் திதியும் கொடுக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானியரோடு போரிட்டு இறந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனின் நினைவு இது. தந்தையைப் பறிகொடுத்த மகனாக நிற்கிற இந்த மனிதரைத்தான் தை இரண்டில் மனைவி வாசலில் நிறுத்தியிருந்தாள்.

சூரியனின் கணக்கு ரத சப்தமியில் நேராகிறது. அவன் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் நாள். எருக்கிலை ஏழு எடுத்துத் தலையிலும் தோளிலும் வைத்து விடியலில் குளிக்கிற நாள். அன்று அண்ணாமலையார் ஊரை விட்டுக் கிளம்பிக் கலசபாக்கம் போய்ச் செய்யாற்றில் தீர்த்தவாரி காண்கிறார். திருமாமுடீசுவரர் அவரை எதிர்கொண்டு வரவேற்கிறார். போகும் வழியில் கோயிலுக்கு உரிய நிலங்களைப் பார்வையிட்டுச் செல்லும் வழக்கமும் உண்டு. சம்பா அறுத்துக் களத்தில் நெல் இருக்கும் சமயம் அது. உழவர்கள் வயலோரம் நின்று, இந்த ஆண்டு கண்டுமுதல் என்ன என்று நில உடையவரிடம் சொல்கிற முறையில் அவரிடம் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.